அசல் கன்ட்ரி பாட்டுக்காகப் பெஞ்சில் பதினோரு வருஷம்

வெசெலி வட்டாரச் செய்தி வார இதழின் ஆசிரியர் திருமதி லியோனா ஹைனெக் அவர்களின் சமூகத்துக்கு, பழைய ஆலைச் சாலை மூன்றாம் வீட்டு எர்வின் கூபெனா மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி பெர்னடீனும் பதினாறு மாடுகளும் சௌக்கியம். தங்களுக்குப் பித்தப்பை அறுவை நல்லபடியாக முடிந்து, மகள் வீட்டில் சூப் குடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை பூசையில் சொன்னார்கள். மிச்சத்தையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

நிற்க. பதினோரு வருஷத்துக்கு முன் உங்கள் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில், காணாமல் போன கழுதை பற்றிய விளம்பரத்துக்கு மேலே, என் கடிதம் ஒன்று வெளியானது தங்களுக்கு நினைவிருக்கலாம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெட்டியெடுத்த காகிதம் என் பர்ஸில் பத்திரமாக இருக்கிறது. வெசெலி நடனக் கொட்டகைக்கு அசல் கன்ட்ரி பாட்டு திரும்பி வரும்வரை, பிடிலும், கிடத்தி வைத்து இரும்புத் துண்டால் இழுக்கிற ஸ்டீல் கிட்டாரும் இல்லாத எந்தப் பாட்டுக்கும் எர்வின் கூபெனாவின் பூட்ஸ் தரையில் அசையாது என்று ஊரறியச் சபதம் போட்டிருந்தேன். அச்சில் போட்ட சபதத்தை அச்சிலேதான் முடித்து வைக்க வேண்டும், அதற்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்டாதீர்கள். போன தடவை நீங்கள் வெட்டிய வெட்டில் நான் ஏதோ பிடிலுக்கே விரோதி என்கிற மாதிரி ஆகிவிட்டது.

சபதம் போட்ட அன்றைக்கு நடந்தது ஊருக்கே தெரியும். ஹூஸ்டனிலிருந்து ஒரு கோஷ்டி வந்தது. பிடில் இல்லை. ஸ்டீல் கிட்டார் இல்லை. தாளம் போட ஆள்கூட இல்லை, அதை ஒரு பெட்டி போட்டது. தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்த ஒருவன், டயரு டயரு என்று தொண்டை கிழியக் கத்தினான். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஆடிக்கொண்டிருந்தவன் நடுத்தரையில் அப்படியே நின்றேன், விறுவிறுவென்று போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன்தான். பதினோரு வருஷம், சனிக்கிழமை தவறாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் இருந்தால் நான் கோபமாக இருப்பது யாருக்குத் தெரியும்?

பெர்னடீன் சபதம் எதுவும் போடவில்லை. அவள் ஆடினாள். யாரோடு என்று கேட்கிறீர்களா, மில்டன் ஜாண்டாவோடு. என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன், கேஸ் டாங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவன், மனைவி ஹெட்விக் இறந்து பன்னிரண்டு வருஷமாகத் தனியாள். சனிக்கிழமை வந்தால் சலவைச் சட்டை போட்டு, முகத்துக்குப் பூசுகிற தைலத்தை ஒரு பாட்டில் கவிழ்த்துக்கொண்டு வந்து நிற்பான். கொட்டகையில் எல்லாரும் இடஞ்சுழியாகச் சுற்றி ஆடுவார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். அதனால் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் என் மனைவியும் மில்டனும் என் மூக்குக்கு முன்னால் கடந்து போவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவன், "என்ன எர்வின், சௌக்கியமா?" என்பான். பதினோரு வருஷத்தில் அதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் இந்த அக்டோபரில் எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம் நிறைந்தது. கொண்டாடுகிற தம்பதி கைகோத்து ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து, முதல் வால்ட்ஸ் ஆட்டத்தைத் தாங்களே தொடங்கி வைப்பதுதானே நம் ஊர் வழக்கம். ஜூலை மாதம் பெர்னடீன் மாவு பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"கொட்டகையச் சொல்லியாச்சு. விருந்துக்கு மாட்டு நெஞ்சுக்கறியும் சொல்லியாச்சு. ஊர்வலம் நடக்கும்."

"பாட்டு என்ன பாட்டு?"

"கிடைக்கிற பாட்டு. நீ எந்திரிச்சு வந்தா உன்கூட நடப்பேன். வரலைன்னா மில்டன்கூட நடப்பேன்."

"கல்யாணம் என்கூடதானே ஆச்சு?"

"அது எனக்கு ஞாபகம் இருக்கு எர்வின். பெஞ்சுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு."

அன்றைக்கே நான் தேட ஆரம்பித்தேன். அம்மா, இந்தக் காலத்தில் அசல் கன்ட்ரி பாடகனைத் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியுமா? செல்போனில் நாற்பது பேர் பாட்டைக் கேட்டேன். அதில் முப்பத்தெட்டுப் பேர் தாங்கள்தான் அசல் நாட்டுப்புறத்தார் என்று பாட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்கள். என் தொழுவத்தில் ஒரு காளை நிற்கிறது, ஒரு நாளாவது தன்னைக் காளை என்று சொல்லிக்கொண்டதில்லை. மீதி இரண்டு பேரில் ஒருவன் இறந்துவிட்டான். இன்னொருவன் பேர் டஸ்டி கால். படத்தில் கிழிந்த தொப்பி, சேறு அப்பின பூட்ஸ், கண்ணில் ஒரு சோகம். வரச்சொன்னேன்.

வந்தான். பூட்ஸில் இருந்த சேறு சிவப்பு. நம் வட்டாரத்து மண் கறுப்பு. எங்கே மிதித்தாய் தம்பி என்று கேட்டால், கடையிலேயே சேற்றோடுதான் விற்றார்கள் என்றான். கை கொடுத்தான். பெர்னடீன் கொலாச்சி ரொட்டிக்குப் பிசைகிற மாவு அந்தக் கையைவிடக் கரடு. உண்மைப் பேர் பிரெஸ்டன் விட்லாக்காம், ஊர் எங்கேயோ வடக்கே கனெக்டிகட்டாம். சரி, கூப்பிட்ட பாவத்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று, அசல் கன்ட்ரி பாட்டில் வருகிற சோகங்களையெல்லாம் வைத்துத் தீவன மூட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருந்த கேள்விகளை ஆரம்பித்தேன்.

"அப்பா ஜெயிலுக்குப் போயிருக்காரா?"

"இல்லீங்க சார். பல் டாக்டர்."

"அம்மா உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க சார். டென்னிஸ் ஆடுவாங்க. நேத்துகூட ஜெயிச்சாங்க."

"பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டாளா?"

"கல்யாணமே ஆகலீங்க."

"நாயாவது செத்திருக்கா?"

பையன் ரொம்ப நேரம் யோசித்தான். பாவம், எப்படியாவது தேற வேண்டும் என்று அவனுக்கு ஆசை. "சின்ன வயசுல ஒரு மீன் செத்துச்சு சார்," என்றான்.

வாசல்வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். பெர்னடீன் ஒரு தட்டில் ஆப்ரிகாட் கொலாச்சி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அதுக்குள்ள போயிட்டானா? பாடச் சொன்னியா?" என்றாள். கேள்வியிலேயே தோற்றவனை எதற்குப் பாடச் சொல்ல வேண்டும் என்றேன். அவள் தட்டோடு திரும்பிப் போனாள். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

அடுத்தது ஆஸ்டினிலிருந்து வந்த நால்வர் கோஷ்டி. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று கொட்டகைக்கே கூப்பிட்டோம். இவர்களிடம் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பிடில் இருந்தது. ஸ்டீல் கிட்டார் இருந்தது. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மைக், அதுவும் யுத்த காலத்து மைக். கோஷ்டியில் பாடுகிற அம்மாள் தீவன மூட்டைத் துணியில் தைத்த கவுன் போட்டிருந்தாள். பழைய இசைத்தட்டு ஓடும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அதைக்கூடத் தனியாக ஒரு பெட்டியில் அடைத்துக் கொண்டு வந்திருந்தார்கள்.  ஸ்டீல் கிட்டார் முதல் இழுப்பு இழுத்ததும், பதினோரு வருஷம் கழித்துப் பெஞ்சை விட்டு எழுந்தேன். முழங்கால் இரண்டும் சுட்ட அப்பளம் மாதிரி சத்தம் போட்டது. சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெர்னடீனிடம் போய்க் கையை நீட்டினேன். அப்போது அந்த அம்மாள் மைக்கில் சொல்கிறாள்:

"தயவுசெஞ்சு யாரும் ஆடாதீங்க. இது பாரம்பரியம். இத உக்காந்து கேக்கணும்."

இருநூறு பேர் சோளமாவு தூவின தரையில் அப்படியே நின்றோம். வழுக்கி ஆடுவதற்கென்றே தூவின மாவு. முதல் பாட்டு ஆற்றில் மூழ்கிச் செத்த பெண்ணைப் பற்றி, பதினெட்டுச் சரணம். இரண்டாவது பாட்டு அவள் தங்கச்சியைப் பற்றி. அவளும் அதே ஆறு. நான் திரும்பப் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மில்டன், "என்ன எர்வின், அசல் வந்துருச்சு போல?" என்றான். அவனைக் கொன்றிருப்பேன், ஆனால் பாரம்பரியத்துக்கு நடுவில் சத்தம் போடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

நாள் நெருங்கிவிட்டது, இன்னும் ஒன்பதே நாள். இனி ஒரு விஷயத்தை எழுத வேண்டும், எழுதக் கை கூசுகிறது. இந்த வட்டாரத்தில் ஸ்டீல் கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் யார் என்பது எனக்கு இந்தப் பதினோரு வருஷமும் தெரியும். சின்ன வயசில் அவன் வாசித்துத்தான் எங்கள் கல்யாணத்தில் நானும் பெர்னடீனும் ஆடினோம். ஹெட்விக் போனதும் அதைப் பெட்டியில் பூட்டிவிட்டான். போய்க் கேட்டிருக்கலாம். மில்டன் ஜாண்டாவிடம் போய் நின்று கேட்பதற்கு ஆஸ்டின் வரைக்கும் போவது எனக்குச் சுலபமாக இருந்தது.

போனேன். அவன் கொட்டிலில் தீவன மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது அந்தப் பெட்டி. விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒரு துணியை எடுத்துப் பெட்டியின் மேல் தூசியைத் துடைத்தான்.

"நான் மேடைல உக்காந்தா ஆட முடியாதேடா."

"தெரியும்."

"வாரத்துல ஆறு நாள் டிவிகூடப் பேசுறேன். ஏழாவது நாள்தான் ஒரு மனுஷி பதில் சொல்றா."

 பதினோரு வருஷமாக அவன் என்னிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டிருக்கிறான் என்றே நினைத்து வந்தவன் நான். அவன்தான் கடைசியில், "சரி, வாசிக்கிறேன். ஆனா பாடுற ஆளையும் பாட்டையும் நான் முடிவு பண்ணுவேன். நீ வாயைத் திறக்கக் கூடாது. உன் கேள்வித்தாளையும் வெளியில எடுக்கக் கூடாது," என்றான். ஒத்துக்கொண்டேன்.

கல்யாண நாளன்று சாயங்காலம் கொட்டகையில் நெஞ்சுக்கறி வாசனையும் ஊர் சனமும். மேடையில் மில்டன் ஸ்டீல் கிட்டாருக்குப் பின்னால், சலவைச் சட்டையோடு. பக்கத்தில் ஒரு பிடில்காரர். மைக்குக்கு முன்னால் யார் என்று பார்த்தால், அந்தப் பல் டாக்டர் மகன். தொப்பி இல்லை, சேறு இல்லை, சாதாரண வெள்ளைச் சட்டை. வாயைத் திறக்கப் போனேன். கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

ஊர்வலம் சுற்றி வந்து நின்றது. மில்டன் முதல் இழுப்பு இழுத்தான். அம்மா, அதை எப்படி எழுதுவேன், என் முதுகுத்தண்டில் யாரோ குளிர்ந்த விரலை வைத்த மாதிரி இருந்தது. மெதுவான வால்ட்ஸ். பையன் பாடினான். சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டது, மழை நிற்கவில்லை, வீட்டுக்குப் போக வழியில்லை, ஆனாலும் நீ இறங்கிப் போகவில்லையே என்று. அவ்வளவுதான் பாட்டு. என் தாத்தா தலைமுறை மாட்டுவண்டியோடு இந்த மண்ணில் பட்ட பாடு கண் முன்னால் வந்தது. பெர்னடீன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அழுதேன். மறைக்க முயலவில்லை, மறைக்கவும் முடியாது, இரண்டு சுற்று சுற்றினோம், அத்தனை பேரும் பார்த்தார்கள். பல் டாக்டர் மகனுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. பாட்டு முடிந்ததும் மைக்கை வாங்கி ஊருக்கே சொன்னேன்: "இதுதான் அசல். இந்தப் பாட்டுக்கு எண்பது வயசாவது இருக்கும். இப்போ எவனுக்கும் இப்படி எழுத வராது." சனம் ரொம்ப நேரம் கைதட்டியது. சிலர் சிரித்துக்கொண்டே தட்டினார்கள், சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, அசல் கன்ட்ரி பாட்டு வெசெலிக்குத் திரும்பிவிட்டது, எர்வின் கூபெனாவின் சபதம் வென்றது, பெட்டித் தாளத்துக்கு ஆடினவர்கள் தங்கள் ரசனையை யோசித்துப் பார்க்கட்டும் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் சீக்கிரம் பூரண குணமாகி, நெஞ்சுக்கறி தின்கிற வயிற்றோடு ஊர் திரும்ப அன்னை மரியாள் துணையிருக்கட்டும். தங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
எர்வின் கூபெனா

பி.கு.: உறை ஒட்டுவதற்கு முன் பெர்னடீன் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "எண்பது வருஷப் பாட்டா? எர்வின், அது அந்த டயரு பாட்டு," என்றாள். நான் நம்பவில்லை. "உன் பர்ஸ எடு," என்றாள். எடுத்தேன். பதினோரு வருஷத்துக்கு முன் நானே எழுதி, தாங்கள் வெட்டாமல் விட்ட ஒரு வரி அதில் இருக்கிறது: 'சக்கரம் சேற்றில், மழை நிற்கவில்லை, இதெல்லாம் ஒரு பாட்டா?'

மில்டனிடம் பாட்டையும் பையனையும் சொல்லி வைத்ததே அவள்தானாம். ஏன் போயும் போயும் அதையே வாசிக்கச் சொன்னாய் என்று கேட்டேன். "அந்தப் பாட்டு பாதியில இருக்கும்போது நீ என்னை நடுத்தரையில தனியா விட்டுட்டுப் போயிட்ட. மில்டன் ஓடி வந்து கையப் பிடிச்சான், நான் அவமானப்படாம இருக்கணும்னு. எனக்கு மீதிப் பாட்டை உன்கூட ஆடணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்," என்றாள். நான் போய் உட்கார்ந்ததைப் பற்றித்தான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் அங்கே நின்றது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகையால் மேலே எழுதியது எதையும் போட வேண்டாம். நான்காம் பக்கத்தில் இடமிருந்தால், எர்வின் கூபெனா பெஞ்சைக் காலி செய்துவிட்டான், யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று மட்டும் போடுங்கள். இந்தச் சனிக்கிழமை வருகிற கோஷ்டியிடம் பிடில் கிடையாது, பெட்டிதானாம். முதல் பாட்டு எனக்கு, இரண்டாவது மில்டனுக்கு என்று நானே போய் அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன். பெர்னடீன் என் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்திருக்கிறாள்.