காப்பு கட்டிய நாடு

ஆற்றுக்கு இக்கரையில் சுகபுரி என்றொரு நாடு இருந்தது. அதன் அரசர் திடகாத்திரர். குடிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசர்தான். எதிர்த்து நிற்க இருந்தவர் நிற்க முடியாத உடல்நிலையில் இருப்பதாக அரண்மனை வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டதால் போட்டி அவ்வளவு சிரமமாக இல்லை.

அந்த நாட்டில் பரிசல் ஓட்டிப் பிழைத்தவள் அஞ்சுகம். புருஷன் போன பிறகு பன்னிரண்டு வருஷமாக அவளும் துடுப்பும்தான். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவள் பரிசலில் ஏறி நனைந்தவர் எவருமில்லை.

ஒரு பங்குனியில், மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டும் நாளன்று, குடிகளின் உடல்நலத்துக்கென்று அரசர் வைத்திருந்த நாடி மந்திரி வந்து நின்றார். மஞ்சள் கயிற்றோடு சேர்த்து ஆளுக்கொரு செப்புக் காப்பையும் மாட்டச் சொன்னார். அது நாடியை எண்ணுமாம், நடையை எண்ணுமாம், தூக்கத்தையும் எண்ணுமாம். எண்ணியதெல்லாம் அரண்மனையில் அவரவர் பெயருக்குள்ள ஏட்டில் தானாகவே எழுதப்படுமாம். நோய் வருமுன்னே அரசர் அறிந்துவிடுவார்.

"காப்பு என்றாலே காப்பதுதானே?" என்றார் மந்திரி.

ஜனங்கள் கைதட்டினார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? மந்திரி நீட்டிய நாற்பது முழ ஓலையில் பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. படிக்கப் பொறுமையில்லாமல் எல்லோரும் பெருவிரலை வைத்தார்கள். அஞ்சுகமும் வைத்தாள்.

திருவிழா முடியாமல் காப்பை அவிழ்க்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். பத்தாம் நாள் தேர் நிலைக்கு வந்ததும் மஞ்சள் கயிற்றை அவிழ்த்து ஆற்றில் விட்டார்கள். செப்புக் காப்புக்குச் சாவி கேட்டார்கள். சாவி மந்திரியின் இடுப்பில் இருந்தது. திருவிழா முடிந்ததாக யார் சொன்னது, அரசரின் நலத் திருவிழா இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று அவர் விளக்கினார். அறுத்தால் சாமி குத்தம், அரச குற்றமும்கூட. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு ஆணைகள் வந்தன. ஏடுகளை நலம்விரும்பிகள் பார்க்கலாம் என்றது முதல் ஆணை. நலம்விரும்பிகள் யாரென்றால், பார்க்க வேண்டும் என்று விரும்பியவர்கள். வலி வருமுன்னே மூட்டுவலிக்காரர் வாசலில் லேகிய வியாபாரி நின்றான். தையற்காரர் சடையப்பனின் மகளுக்கு வந்த வரன், பெண் ராத்திரியில் சரியாகத் தூங்குவதில்லையாமே என்று சொல்லித் திரும்பிப் போனது. அரசர் உரையாற்றும்போது தூங்கிய நாடிகளுக்குப் பாதி அரிசி என்றது அடுத்த ஆணை. அதற்கும் அடுத்தது அஞ்சுகத்தின் தலையில் விழுந்தது. நாடி நூறைத் தாண்டுகிறவர் பிறர் உயிரைச் சுமக்கக் கூடாது.

அரண்மனைக்குப் போனாள். அதிகாரி அவள் ஏட்டைப் புரட்டினார். சும்மா உட்கார்ந்திருக்கையில் எழுபத்திரண்டு, துடுப்புப் போடுகையில் நூற்று முப்பது. ஆகவே துடுப்புதான் வியாதிக்குக் காரணம் என்று முடிவு சொன்னார். துடுப்புப் போடாமல் பரிசல் ஓட்டுவதில் அரசுக்கு ஆட்சேபமில்லை.

"அந்த ஏட்டை நானும் ஒருக்கா பாக்கலாமா சாமி?"

"அது முடியாதம்மா. ஒருவருடைய உடல்நலம் அந்தரங்கமானது."

"என் உடம்புதானே?"

"உடம்பு உன்னுடையது. ஏடு அரண்மனையுடையது."

பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டாள். மற்ற பரிசல்காரர்களும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். ஒரு மாதத்தில் கஞ்சி வெறும் தண்ணீரானது. பரிசல் தோல் வெயிலில் வெடித்துவிடக் கூடாதே என்று தினமும் ஒரு குடம் ஊற்றி நனைத்து வைத்தாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் ஆளரவமற்ற உச்சி வெயிலில் நாடி மந்திரி துறைக்கு வந்தார். கூடவே போர்வை போர்த்திய ஒருவர், ஓயாத இருமலோடு. அக்கரை வைத்தியரிடம் போய்வர வேண்டும் என்றார் மந்திரி. போர்வைக்குள் தெரிந்த மூக்கை அஞ்சுகம் ஊர்ச் சுவரெல்லாம் பார்த்திருக்கிறாள். மணிக்கட்டைப் பார்த்தாள். வெறுங்கை. அரசரின் நாடி ராஜ ரகசியம் என்று அந்த நாற்பது முழ ஓலையின் கடைசியில் எழுதியிருந்தது. அதுவரை யார் படித்தார்கள்?

"நான் துடுப்புப் போட்டா இந்தக் காப்பு எழுதிடுமே மந்திரி அய்யா. எதுக்குப் போட்டேன், எங்க போனேன்னு லேகியக்காரன் வரைக்கும் கேப்பானே" என்றாள்.

மந்திரிக்கு வியர்த்தது. சாவியை எடுத்து அவள் காப்பைத் தானே கழற்றி மடியில் செருகிக்கொண்டார்.

நடு ஆற்றில் இருமல் சற்று அடங்கியதும் அரசர் வாய் திறந்தார்.

"இங்கே கண்டதை வெளியே சொல்லாதே அம்மா. ஒருவனுடைய உடம்பு அவனுடைய சொந்த விஷயம் இல்லையா?"

"ஆமா சாமி. உங்க அரமனையில வந்து நானும் அதைத்தான் கேட்டேன்."

அரசர் அக்கரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வந்து இறங்கியதும், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில் மந்திரி காப்பை மாட்ட மறந்து போய்விட்டார். அரண்மனையில் அஞ்சுகத்தின் ஏட்டில் அதற்குப் பிறகு எதுவும் எழுதப்படவில்லை. மூன்று நாழிகை நாடி இல்லாதவர் இறந்தவர் என்பது விதி. மறுநாள் காலை முரசு அறைந்தார்கள்: பரிசல்காரி அஞ்சுகம் காலமானார்; அரசர் ஆழ்ந்த துயரம் கொண்டார்.

அவள் நேரே போய் அதிகாரி முன்னால் நின்றாள். அவர் நல்ல மனிதர். நீ பேசுவது என் காதில் விழுகிறது, ஆனால் ஏட்டில் நாடி இல்லையே என்று வருத்தப்பட்டார். காப்பைக் கழற்றியது யார், சாட்சி உண்டா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மந்திரியை அஞ்சுகம் காட்டினாள். தான் ஆற்றுப் பக்கம் போயே வருஷமாகிறது என்று மந்திரி உத்தரத்தைப் பார்த்துச் சொன்னார். அதிகாரி அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டார்.

செத்தவள்மேல் எந்த ஆணையும் செல்லாது என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது. நேரே துறைக்குப் போய்ப் பரிசலை நிமிர்த்தித் தண்ணீரில் தள்ளினாள். துடுப்புப் போடப் போட நெஞ்சு படபடவென்று அடித்தது. எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

ஒரு வாரத்தில் துறையில் நீண்ட வரிசை நின்றது. அக்கரை போகத்தான் நிற்கிறார்கள் என்று அவள் பரிசலை ஒதுக்கினாள். ஒருவரும் ஏறவில்லை. முன்னால் நின்ற தையற்காரர் சடையப்பன், மணிக்கட்டைத் துண்டால் சுற்றி மூடிக்கொண்டு, பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார்.

"அஞ்சுகம், என் மகளும் நானும் சாகணும். யாரைப் பாக்கணும்?"