முதல் ஐஸுக்கு ஒரு துணை

போன நவம்பர் கடைசியில், ஏரியின் ஓரத்தில் கண்ணாடித் தகடு மாதிரி ஐஸ் கட்டிய அன்று காலையில், நான் ஒரு சபதம் செய்தேன். இந்த வருஷம் முதல் ஐஸுக்குத் தனியாகப் போவேன். தனியாக உட்கார்ந்து மீன் பிடிப்பேன். யாரிடமும் அனுமதி கேட்க மாட்டேன். இதில் வீரம் எதுவும் இல்லை. கேட்டால் கிடைக்காது, அவ்வளவுதான்.

அனுமதி கொடுக்க வேண்டியவள் தெர்த்து. முப்பத்துநான்கு வருஷமாக என் மனைவி. என் பெயர் என்சியோ. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்து, அந்த வருஷக் கோடையில்தான் ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடம் முழுவதையும் சூடாக வைத்திருந்தேன். வீட்டில் மட்டும் சூடு அவள் பொறுப்பு.

அதுவரை நான் தனியாகப் போனதே இல்லை. கலெர்வோ இருந்தான். பக்கத்து வீட்டுத் தச்சன். ஐஸ் நாலு விரல் கனமானதும் வருகிற முதல் சனிக்கிழமை நானும் அவனும் ஏரிக்கு நடுவே போய் உட்காருவோம். இப்படி இருபத்தாறு குளிர்காலம். அவன் பேச மாட்டான். காலையில் ஒரு தடவை "குளிர்" என்பான். சாயங்காலம் ஒரு தடவை "போலாமா" என்பான். நடுவே நான் பேசுவேன். அந்த வருஷம் மே மாதம் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவன், களைத்தவன் மாதிரி அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அவனுக்காகத்தான் இந்தச் சபதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரகசியமாக ஏற்பாடுகளை ஆரம்பித்தேன். மீன் பிடிக்க ஐஸில் துளை போடுகிற துளைப்பானை விறகுக் கொட்டகையில் தீட்டினேன். சாண் நீளத் தூண்டில்களுக்குப் புது நரம்பு கட்டினேன். ஐஸில் விழுந்தால் ஊன்றி ஏறுவதற்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முளைகளுக்கு எண்ணெய் போட்டேன். எல்லாவற்றையும் ஒளித்துவிடலாம். புழுவை ஒளிக்க முடியாது. அதற்குக் குளிர்ந்த இடம் வேண்டும், உறைந்தும் போகக்கூடாது. ஆகவே ஒரு பழைய வெண்ணெய் டப்பாவில் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் புது வெண்ணெய்க்குப் பின்னால் வைத்தேன். பின்னால் இருப்பதை முதலில் எடுத்துத் தீர்ப்பதுதான் தெர்த்துவின் வழக்கம் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை, ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு அவள் டப்பாவைத் திறந்தாள். பார்த்தாள். கத்தவில்லை. மூடி வைத்தாள்.

"வெண்ணெய் நெளியுது, என்சியோ."

நான் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்போ கிளம்பற?"

"எங்கே?"

"புழுவ எடுத்துக்கிட்டு வேற எங்க போவாங்க? கல்யாணத்துக்கா?"

சொன்னேன். தனியாகப் போவதையும் சொன்னேன். சபதத்தைக் கம்பீரமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். தொண்டையிலிருந்து விண்ணப்பமாக வெளியே வந்தது. அவள் எதிர்நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நான் ஐஸ் உடைந்து மார்பளவு தண்ணீரில் நின்றதை ஞாபகப்படுத்தினாள். ஞாபகப்படுத்தத் தேவையே இல்லை. இடது கால் கட்டைவிரல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதை எனக்குச் சொல்கிறது.

"அன்னிக்குக் கலெர்வோ கயிறு போட்டான். இந்த வருஷம் யாரு போடுவா?" என்றாள்.

அதைக் கேட்டபிறகு அவளுக்கே குரல் சரியாக இல்லை. எழுந்துபோய்ப் பாத்திரத்தை உருட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டால் போகலாம்.

ஆள் கிடைப்பதா கஷ்டம் என்று நினைத்தேன். இந்த ஊரில் ஆண் என்றால் ஐஸில் துளை போட்டவன்தான். முதலில் எதிர்வீட்டு ரெய்யோவிடம் கேட்டேன். அவனுக்கு முதுகுவலியாம். முந்தின நாள்தான் அவன் தன் சோபாவை ஒற்றை ஆளாக மாடிக்குத் தூக்கிப்போனதைப் பார்த்திருந்தேன். அதனால்தான் வலி போலிருக்கிறது என்று அனுதாபப்பட்டேன். அடுத்து தெர்த்துவின் தம்பி ஒன்னி. அவனுக்கு நீராவிக் குளியலறை அடுப்பு உடைந்துவிட்டதாம். சரிசெய்யச் சனிக்கிழமை முழுக்க ஆகுமாம். மூன்றாவது, மாதாகோவில் பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் மருந்துக்கடைக்காரர். அவர் வருத்தத்தோடு, தனக்குக் குளிர் ஒவ்வாமை என்றார். வருஷத்தில் ஆறு மாதம் பனி மூடுகிற ஊரில் அறுபது வயதுவரை எப்படிப் பிழைத்தார் என்று நான் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் மூன்று பேருக்குச் சங்கடம். எனக்குத்தான் நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, சூப்பில் உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டுக்கொண்டே தெர்த்து சொன்னாள்: "வேற ஆளே கிடைக்கலன்னா நான் வேணா வர்றேன்."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கணக்குப் போட்டேன். கயிறு போட இரண்டு கை போதும். மற்றபடி அவள் பாட்டுக்குக் கரைப்பக்கம் உட்கார்ந்திருக்கட்டும். பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தேன்.

அன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் அவளுக்குப் பாடம் நடத்தினேன். கட்டம் போட்ட தாளில் ஏரியை வரைந்து காட்டினேன். புது ஐஸ் தெளிவாக இருக்கும், நம் நிழலும் காலடி அதிர்வும் கீழே மீனுக்குத் தெரியும், அதனால் காலைத் தேய்த்து நடக்கக்கூடாது என்றேன். எங்கள் ஏரியில் கிடைப்பது பட்டை மீன்; பச்சை முதுகு, உடம்பில் கறுப்புப் பட்டை, சிவந்த செட்டை. அது எங்கே நிற்கும், எதற்கு வாயைத் திறக்கும் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். நடுவே அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: முதல் ஐஸில் மீன் நாணல் ஓரத்தில், இரண்டு ஆள் ஆழத்துக்கும் குறைவான தண்ணீரில்தானே நிற்கும்? நான் சிரித்து, இல்லை, ஏரி நடுவில் பாறை மேட்டில் நிற்கும் என்று திருத்தினேன். பிறகு, முள்ளில் புழு கோர்ப்பது எப்படி என்று காட்டப்போனேன். என் விரல் தடுமாறியது. அவள் புழுவை வாங்கி ஒரே தடவையில் கோர்த்துக் கொடுத்தாள். தையல் வேலை செய்த கை, அதனால் வருகிறது என்று பாராட்டினேன். மனைவிக்கு ஐஸ் வைக்கிறேன் என்று எனக்கு நினைப்பு.

சனிக்கிழமை காலை வெயில் மரங்களுக்குப் பின்னால் சிவந்தபோது இறங்கினோம். நான் முன்னால். கடப்பாரையால் ஒவ்வொரு அடிக்கும் ஐஸைக் குத்திப் பார்த்தபடி நடந்தேன். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவள் கையில். நாலு விரலுக்குமேல் கனம் இருந்தது. நாணல் பக்கத்தில் தனக்கு ஒரு துளை போதும் என்றாள். போட்டுக் கொடுத்தேன். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

நான் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பாறை மேட்டுக்குப் போனேன். திட்டப்படி பதினான்கு துளை போட்டேன். ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம். மீனை ஈர்க்க வெள்ளைத் தகடு, சிவப்புத் தகடு, ஈயக்குண்டு, இரண்டு புழு, மூன்று புழு. மீன் கடிக்கவில்லை. குளிர்தான் கடித்தது. பதினொன்றாவது துளையில் விரல் நீளத்துக்கு ஒன்று வந்தது. அதுவும் வாயில் மாட்டவில்லை, வயிற்றில் மாட்டியிருந்தது. வழி தவறி வந்திருக்கும்.

மதியத்துக்கு முன்னால் காப்பி குடிக்கத் தெர்த்துவிடம் போனேன். அவள் தன் துளைக்குள் பனித்தூளைப் போட்டு மூடி, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு மட்டும் வழி வைத்திருந்தாள். மேலேயிருந்து வெளிச்சம் விழாமலிருக்க அப்படிச் செய்வார்கள். அதை நான் பாடத்தில் சொல்லவில்லை. எனக்கே மறந்துபோயிருந்தது. அவள் பக்கத்தில் ஐஸ்மேல் பட்டை மீன்கள் கிடந்தன. எண்ணினேன். பத்தொன்பது. அவள் கையில் நான் கொடுத்த தூண்டில் இல்லை. தேய்ந்த தக்கைக் கைப்பிடி போட்ட வேறொன்று இருந்தது. கைப்பிடியில் அவள் பெயரின் முதல் எழுத்து சூட்டுக்கம்பியால் பொறித்திருந்தது. அந்தக் கைவேலை எனக்குத் தெரியும். என் தூண்டிலிலும் அதே கைதான் பொறித்திருந்தது.

"இது ஏது?" என்றேன்.

"கலெர்வோ செஞ்சு குடுத்தான்."

"எப்போ?"

"பத்தொம்பது வருஷம் இருக்கும். மெதுவாப் பேசு. மீன் வருது."

இருபதாவது மீனைத் தூக்கிப் போட்டுவிட்டு, நரம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தன்னையும் கூட்டிப்போகச் சொல்லி என்னிடம் கேட்டாளாம். பெண் குரல் கேட்டால் மீன் ஆழத்துக்குப் போய்விடும் என்று நான் சொன்னேனாம். சொல்லியிருப்பேன். எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. அழுதுகொண்டு கலெர்வோவின் மனைவி இர்யாவிடம் போயிருக்கிறாள். அதற்கப்புறம் ஒவ்வொரு குளிர்காலமும், நான் பள்ளிக்கூடத்தில் கொதிகலனோடு நிற்கும் திங்கட்கிழமைகளில், கலெர்வோ அவர்கள் இருவரையும் ஏரிக்குக் கூட்டிவந்திருக்கிறான்.

"அப்போ மீன்?"

"சந்தை மீன்னு சொல்லி உனக்குத்தானே போட்டேன்."

நினைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை நான் மூன்று பொடிமீனோடு வருவேன். திங்கட்கிழமை வீட்டில் வயிறு நிறைய மீன் சூப் இருக்கும். சந்தைக்காரனைப் புகழ்ந்துகொண்டே சாப்பிடுவேன். ஒரு தடவை கலெர்வோவிடமே, அந்தச் சந்தைக்காரனுக்கு நம்மைவிட நல்ல இடம் தெரிந்திருக்கிறது, கேட்டுவை என்று சொன்னேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறி, கால்மணி நேரம் இருமினான். முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

இருபத்தாறு வருஷம் அவன் பேசாமலிருந்தது சுபாவம் என்று நினைத்திருந்தேன். அதில் பத்தொன்பது வருஷம் பயம். வாயைத் திறந்தால் திங்கட்கிழமை வெளியே வந்துவிடும். ஒரே ஒரு தடவை அவனைப் பேச விட்டிருக்கலாம். இனி எங்கே போய்க் கேட்பது?

மூன்று பேருக்கும் ஃபோன் செய்து மறுக்கச் சொன்னதும் தான்தான் என்று அவளே ஒப்புக்கொண்டாள். "முதுகுவலியும் அடுப்பும் நான் சொல்லிக்குடுத்தது. ஒவ்வாமை மட்டும் அவரே யோசிச்சது."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. காப்பியை அவளுக்கு முதலில் ஊற்றினேன். "அன்னிக்கே உன்னக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றேன்.

"ஆமா" என்றாள். மறுத்துப் பேசி என்னைத் தேற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் புழு கோர்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு மனசு கனமாகவும் லேசாகவும் இருந்தது. என்னோடு ஒரு நாள் உட்காருவதற்காக இத்தனை தந்திரம் செய்திருக்கிறாளே என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். மீதியிருக்கும் குளிர்காலங்களையாவது வீணாக்கக்கூடாது. அடுத்த சனிக்கிழமையும் போகலாமா என்று நானே கேட்டேன். உடனே சரி என்றாள். அந்த வாரம் கடுங்குளிர் பிடித்தது. ஐஸ் ஒரு சாண் கனமாகிவிட்டது.

சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் இர்யா நின்றாள். கையில் முக்காலி, தோளில் பை. வலது தோளில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து அவளால் துளைப்பானைச் சுற்ற முடியாது. தெர்த்துவுக்கு மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும். கலெர்வோ போனபிறகு யார் துளை போடுவது என்று இரண்டு பேரும் கோடைக்காலம் முழுக்க யோசித்திருக்கிறார்கள். வழியில் இர்யா அதை ஒளிக்காமல் சொன்னாள்.

நாணல் ஓரமாகப் பதினேழு துளை போட்டேன். நிமிர்ந்தபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு துளையில் உட்கார்ந்து மீன் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எந்தத் துளையில் உட்காரட்டும் என்று கேட்டேன்.

இர்யா அக்கறையோடு சொன்னாள்: "நீ உட்காராதே, என்சியோ. வேர்த்திருக்கு, உட்கார்ந்தா குளிர் ஏறிடும்."