இருந்தது ஒரே ஒரு சின்ன ஸ்லாட்டு

கம்ப்யூட்டர் மதர்போர்டுல கார்டு சொருகுற பெரிய ஸ்லாட்டுக்குத்தான் எல்லாப் பயலும் மரியாதை குடுப்பான். அதுல கிராபிக்ஸ் கார்டு ஏறி உக்காந்துக்கிடும். பக்கத்துல சுண்டுவிரல்ல பாதி நீளத்துக்கு ஒண்ணு ரெண்டு சின்ன ஸ்லாட்டு கெடக்கும், அத ஒருத்தனும் சீண்ட மாட்டான். ஆனா நெசமான சோலிக்காரன் அதான். வைஃபை வேணுமா, நல்ல சவுண்டு வேணுமா, யூஎஸ்பி ஓட்டை பத்தலையா, கேமரா படத்த உள்ள இழுக்கணுமா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கார்டு இருக்கு, எல்லாம் அந்தச் சின்ன ஸ்லாட்டுலதான் போவும். காலேஜ் முடிச்ச புதுசுல இத நான் வீடு வீடா வகுப்பு எடுத்திருக்கேன். (யாரும் கேக்கல, அது வேற விஷயம்.)

அப்பதான் அக்கா கல்யாணம். எங்கள்ல பொண்ணு நெத்தியில தாய்மாமாதான் பட்டம் கட்டணும். பெரிய மாமா கத்தார்ல, லீவு கெடைக்கல. அக்காவ சைக்கிள் முன்னால உக்கார வச்சே வளத்தவுக. பட்டத்த சின்ன மாமா கட்டட்டும், தாலி கட்டுறத மட்டும் எனக்கு எப்படியாவது காட்டிரு மருமவனேன்னு போன்ல கேட்டாவ. நான் மாரத் தட்டிட்டேன். வீடியோக்காரர் கேமராவுலேர்ந்து என் கம்ப்யூட்டருக்கு ஒயரு, அங்கனேர்ந்து கத்தாருக்கு. மேடையில பெரிய டிவி, அதுல மாமா மொகம். "போன்லயே கூப்ட்டு காட்டிரலாம்லா?"ன்னு சித்தி கேட்டா. நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே, இப்ப நெனச்சாலும் என்னையே அறையணும் போல இருக்கு.

கேமராவ இழுக்க கேப்சர் கார்டு வேணும். பாளையங்கோட்டை ஜெபராஜ், என் கூடப் படிச்சவன், அவன்ட்ட ஒண்ணு வாங்கினேன். கம்ப்யூட்டர் பொட்டியத் தொறந்தா சின்ன ஸ்லாட்டு ரெண்டு. ஒண்ணு மேல கிராபிக்ஸ் கார்டு எரும மாதிரி படுத்துக் கெடக்கு. இன்னொண்ணுல வைஃபை கார்டு. யோசிக்கவே இல்ல. வைஃபைய உருவி பிரிட்ஜ் மேல வச்சிட்டு இதச் சொருகிட்டேன். வீட்டுல நெட்டு ஒயர்ல வருது, அதனால ஓட்டிப் பாத்தப்ப கண்ணாடி மாதிரி தெரிஞ்சுது. "படிச்சவன் படிச்சவன்தாம்லே"ன்னு மாமா கத்தார்லேர்ந்து சொன்னாவ.

வண்ணார்பேட்டை கல்யாண மண்டபத்துல வைஃபை மட்டுந்தான். ஒயர் இழுக்கலாம்னா ரவுட்டர் மேனேஜர் ரூம்ல இருக்கு, அந்த மனுசன் ரூமப் பூட்டிட்டு வாழை எலை எடுக்கப் போயிட்டார். நானும் ஸ்க்ரீன்ல வைஃபை அடையாளத்தத் தேடுதேன், தேடுதேன். பொறவுதான் பிரிட்ஜ் ஞாபகம் வந்துச்சு.

கல்யாணத்துக்கு வந்திருந்த ஜெபராஜ் பைக்க முறுக்கி, தச்சநல்லூர்ல எங்க வீட்டுக்குப் போய் கார்ட எடுத்துட்டு வந்துட்டான். நான் பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டி, ஸ்க்ரூட்ரைவர வாயில கவ்விகிட்டு, மேடையோரம் கம்ப்யூட்டர் வச்ச மேசைக்கு அடியில படுத்தாச்சு. கையில ரெண்டு கார்டு. பொட்டியில ஒரு ஸ்லாட்டு. வைஃபையப் போட்டா கேமரா இல்ல, கேமராவப் போட்டா நெட்டு இல்ல.

"அந்த எருமயக் கழட்டுலே, அதுக்கடியில ஒண்ணு இருக்குல்லா?"ன்னான் ஜெபராஜ்.

"அது இல்லன்னா படமே வராதுலே."

"அம்புட்டுப் பெரிசா எதுக்குலே வாங்குன?"

"கேம் வெளாட."

மேடையில அய்யர் அவசரப்படுத்துதார். அக்கா திரும்பி, "மாமா வந்தாச்சாலே?"ன்னு கேட்டா. இந்தா ஆச்சுன்னேன். அவ கண்ணு கலங்கினத மேசைக்கு அடியிலேர்ந்தே பாத்தேன்.

கெட்டிமேளம். பதறி எழுந்தேன், மேசை மண்டையில 'ணங்'. கண்ணு தெளிஞ்சு பாக்குதேன், எல்லார் கையிலயும் அட்சதை காலி. தாலி ஏறிட்டு. போச்சு, மாமா பாக்கல. அப்பதான் பாக்கேன், மேடை ஓரத்துல சித்தி நிக்கா, கீறல் விழுந்த போன அக்கா கழுத்துக்கு நேரா நீட்டிகிட்டு. போனுக்குள்ள மாமா அழுதுகிட்டு இருக்காவ. மூணு முடிச்சையும் பாத்துட்டாவ.

கத்தார்ல இருந்தவுக பாத்தாச்சு. பத்தடி தள்ளிக் கெடந்த நான் பாக்கல. கல்யாண வீடியோவுல தாலி கட்டுற எடத்துல, ஓரமா மேசைக்கு வெளிய ரெண்டு காலு நீட்டிகிட்டு இருக்கும். அது நாந்தான். (செல்போன சார்ஜர் ஒயர்ல கம்ப்யூட்டரோட மாட்டியிருந்தாலே போன் நெட்டு உள்ள வந்திருக்கும். மறுவீட்டு விருந்துல தேங்காப்பால் சொதி ஊத்திச் சாப்பிடும்போதுதான் தோணுச்சு. யார்ட்டயும் மூச்சு விடல.)

இப்ப மாமா லீவுல வந்தா, எந்த விசேஷ வீட்டுப் பந்தியிலயும் பக்கத்துல காலி எடத்தத் தட்டிக் காட்டி ஊருக்கே கேக்கக் கூப்பிடுவாவ: "மருமவனே, இங்கன ஒரு சின்ன ஸ்லாட்டு கெடக்கு. வந்து சொருகிக்கோ."

எதிர் வரிசையிலேர்ந்து அக்கா சொல்லுவா: "பாத்துலே, பக்கத்து எலைக்காரரக் கழட்டி பிரிட்ஜ் மேல வச்சிராத."