பிள்ளையார்பாளையத்துச் சவாசனப் பரணி

வாழி வீரபத்திரன்! பிள்ளையார்பாளையத்துத் தறிக்குடி விளக்கு, கவலைக்கோர் களஞ்சியம், வானில் உள்ளங்கையளவு மேகம் தோன்றினும் ஐப்பசி அடைமழையே வந்ததெனத் தெருவைக் கூட்டும் தீரன் வாழி! அவன் நெஞ்சின் படபடப்பில் பக்கத்து வீட்டுத் தறி தாளம் தப்பியது என்பர். அவன் அலறலுக்கு அஞ்சிய காக்கைகள் ஏகாம்பரநாதர் கோபுரத்துக்குக் குடிபெயர்ந்தன என்பர். இப்படிச் சொல்பவர்களில் முதல்வி அவன் மனைவி அம்சவேணி.

எந்த மாத்திரைக்கும் அடங்காத அப்படபடப்பை அடக்க, பள்ளியில் டிரில் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற மாணிக்கவாசகம் என்னும் யோகப் பேராசான் அருளிய அஸ்திரமே சவாசனம். பாயில் பிணம்போல் மல்லாந்து கிடக்க வேண்டும். உள்ளத்தில் எது எழுந்தாலும், "அது வெறும் நினைப்புபா. வரும், போவும். நீ எந்திரிக்காதே" என்பதே மந்திரம். இதுவரை நடந்த போர்களிலெல்லாம் நம் நாயகன் பிணமான மறுகணமே உயிர்த்தெழுந்து வாசலுக்கு ஓடியிருந்தான். வெறுத்துப்போன அம்சவேணி, இன்று எழுந்தால் திருப்புட்குழித் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறுவேன் என்று முரசறைந்தாள்.

அன்றோ பெருநாள். பட்டுப் புடவைகளுக்கான பாவு நூல், விடியலிலேயே தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டப்பெற்று, அரிசிக் கஞ்சி பூசப்பெற்று, இளவெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த நூல் கெட்டால் தறி நிற்கும்; தறி நின்றால் அடுப்பு அணையும். பாவுக்குத் தான் காவல் என்று தேவி அம்சவேணி வாக்களிக்க, வீரன் உள்ளே பாய்மிசை வீழ்ந்தான்.

வந்தன பகைப்படைகள். முன்னணித் தூசிப்படையாக வந்த ஈ மூக்கின் நுனியில் கொடி நாட்டியது, மூக்கு அசையவில்லை. மழை வருமோ என்னும் ஐயம் குதிரைப்படையாகப் பாய்ந்தது. வீரன் மூச்சை இழுத்தான், விட்டான், குதிரைகள் திரும்பின. கட்டிய முடிச்சு அவிழ்ந்திருக்குமோ என்னும் பேரச்சம் யானைப்படையாக மோதி, தானே களைத்துப் படுத்தது. அந்நேரம் தெருமுனைக் குழாயில் முனிசிபாலிட்டித் தண்ணீர் வந்துவிட, முனிசிபாலிட்டி எந்தத் தேவிக்காகவும் காத்திராது என்பதால், காவல் தெய்வம் குடத்தோடு ஓடிற்று.

வாசலில் ஓர் ஆட்டின் கழுத்துமணி ஒலித்தது. வீரனின் கால் கட்டைவிரல் துடித்தது. ஆயினும், ஆடு என்பதும் நினைப்பே, மணி என்பதும் நினைப்பே எனத் தெளிந்து, திக்கெட்டும் புகழத்தக்க திடத்தோடு கிடந்தான். பிறகு கஞ்சியை நக்கும் ஓசை வந்தது. அதன்பின் எதையோ மெல்லும் ஓசையும் வந்தது. ஆகா, மனம் என்னும் மாயக்காரி எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறாள் என்று வியந்து, அவளையும் மன்னித்தான்.

குடம் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. "யோவ், எந்திரிச்சு வாய்யா வெளியே" என்று தேவியின் குரல் பிளிறிற்று. அதையும், வரும் போவும் என்று வாழ்த்தி வழியனுப்பினான் நம் பெருமான். இல்லாத ஆடுகளுக்கெல்லாம் வாழ்நாள் முழுதும் பதறி ஓடிய அந்நெஞ்சு, அன்றுதான் முதன்முறையாக, சர்வதீர்த்தக் குளத்து நீர்போல் அலையடங்கி நின்றது. முற்றும் துறந்தோர்க்கும் எளிதில் வாய்க்காத அப்பேரமைதியில் திளைத்து, திசையெலாம் வென்ற முறுவலோடு எழுந்து, வெற்றித் திருநடை நடந்து வாசலுக்கு வந்தான்.

பாவு நூலில் பாதியை ஆடு தின்றுவிட்டிருந்தது.