அப்பா போய் உட்கார்ந்த பக்கம்

அன்புள்ள அத்தை வேலுத்தாய் அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் சந்திரவல்லி போடியிலிருந்து வணங்கி எழுதுவது. ஒரு வீட்டில் இருக்கிறவர்களுக்குள் கடிதம் எதற்கு என்பீர்கள், மன்னியுங்கள். நீங்கள் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் டவர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், காய் எடுக்கும் பெண்கள் எல்லாரும் கேட்பார்கள். அதனால் ஜீப் ஓட்டும் சுருளி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே அனைவரும் நலம். எனக்கும் உங்கள் மகன் ராம்பிரசாத் மச்சானுக்கும் நடந்த விவாகரத்துப் பேச்சும் நலமே.

"ரெண்டும் எம் புள்ளைக, நான் எந்தப் பக்கம்னு உக்கார்றது?" என்று கேட்டுவிட்டு நீங்கள் மலையேறிவிட்டீர்கள். கீழே நாங்களும் அதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம். கூண்டு, கறுப்புக் கோட்டு, கூச்சல் என்று பயந்து நான் காலையில் சாப்பிடக்கூட இல்லை. கோர்ட்டுச் சமரச மையத்தில் இருந்ததோ ஒரு நீள மேசை, நாற்காலிகள், மெதுவாகப் பேசும் ஒரு மீடியேட்டரம்மா. "இங்க யாரும் ஜெயிக்க வேண்டாம். பேசுறது வெளிய போகாது, கோர்ட்டுல சாட்சியாவும் வராது. ஒரு வருசத்துக்கு மேல பிரிஞ்சு இருக்கீங்க, ஒத்துவந்தா சேர்ந்தே மனுப் போடலாம். அப்புறமும் யோசிக்கச் சட்டம் ஆறு மாசம் தருது" என்றார். எனக்கு மலைப்பாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எங்களை ஆறு நிமிடம்கூட யாரும் யோசிக்க விடவில்லையே. (வெளியே போகாது என்றார்; நீங்கள் வெளியாள் இல்லை என்பதால் எழுதுகிறேன்.)

பெண் வீட்டார் இந்தப் பக்கம், பையன் வீட்டார் அந்தப் பக்கம் என்றதும் அப்பா நேராகப் போய் ராம்பிரசாத் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். காது குத்த மடியில் வைத்திருந்த தாய்மாமன் வேறு எங்கே உட்காருவார்? நான் தனியாக இருப்பதைப் பார்த்து மகாராஜன் மாமா என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பொண்ணோட அப்பா சொல்லுங்க" என்று அந்தம்மா மாமாவிடம் கேட்க, மாமா தயங்கவே இல்லை. "நகை பூராம் புள்ளைக்கு. பீரோ, கிரைண்டரு எல்லாம் புள்ளைக்கு. இந்தப் பய மறுமாசமே சென்னைக்குப் போனவன், தீவாளிக்குத் தீவாளி விருந்தாளி கணக்கா வர்றான்!" அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "மாப்ளே, எம் மருமகன வையாதீக. சோலிக்குத்தான போனான்? எம்மகதான் போன்ல மூணு வார்த்தைக்கு மேல பேச மாட்டா!"

மீடியேட்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இருங்க, நீங்க யாரோட அப்பா?"

"அந்தா உக்காந்திருக்காளே, அவளுக்கு."

"அப்ப இவரு?"

"அந்தத் தறுதலையப் பெத்தவன் நான்தான்மா" என்றார் மாமா.

இடம் மாறச் சொல்வார் என்று நினைத்து நான் எழுந்தே விட்டேன். அவரோ, "யாரும் மாறாதீங்க. எதிர்ப்பக்கத்துக்காக ஒரு நிமிசம் பேசுங்கன்னு எத்தனை பேருகிட்டக் கெஞ்சியிருக்கேன்! நீங்களா வந்து உக்காந்திருக்கீங்க" என்றார். அத்தை, மாமனார் எனக்காகச் சண்டை போடுகிறார், என்னைப் பெற்றவர் மச்சானுக்காகச் சண்டை போடுகிறார், கிரைண்டரை இரண்டு பேருமே அடுத்தவர் பிள்ளைக்கு என்கிறார்கள். யாரையும் கீழே தள்ளாமல் இரண்டு பேரை அவிழ்த்துவிட முடியும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. மச்சானும் அன்றுதான் வாயைத் திறந்தார். "வல்லி, ஒன்னப் புடிக்காம இல்ல. ஒன்னா வளந்துட்டு, பொண்டாட்டியா நெனைக்க..." "எனக்கும் அப்பிடித்தான் மச்சான்" என்றேன். அவ்வளவுதான் எங்கள் வழக்கு.

பிறகு, பட்டம் வாங்கிய பிள்ளை வாசிக்கட்டும் என்று ஒப்பந்தத்தை என்னிடமே தள்ளினார்கள். 'இனி ஒருவர் வீட்டில் மற்றவருக்கு எந்த உரிமையும் இல்லை' என்ற இடத்தில் நின்று, அந்த வரியை மறுபடியும் வாசித்தேன். "இனிமே எங்கம்மா இருப்பீங்க?" என்று மீடியேட்டரம்மா கேட்டார். "எங்க ஊரு தேவாரத்துக்குத்தான், எங்க வீட்டுக்கு. தையில வேற எடம் பாத்துருவோம்" என்று அப்பா முந்திக்கொண்டார். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டேன்.

அட்டைக் கடிக்கு உப்பை மறக்காதீர்கள். காய் நல்ல விலைக்குப் போகட்டும், மழை உங்களுக்கு வழி விடட்டும்.

இப்படிக்கு,
சந்திரவல்லி

பி.கு.: உரிமை இல்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் நான்தான். ஆனாலும் கேட்கிறேன். நம் வீட்டு மாடி அறையில் நான் இருந்துகொள்ளட்டுமா? அங்கிருந்துதான் ஏலக்காய்க் கடை வேலைக்கு நடந்து போகிறேன். தேவாரம் போனால் வேலையும் போய், தையில் மறுபடியும் மணவறையில் உட்கார்ந்திருப்பேன். மச்சானிடம் கேட்டேன். "எனக்குச் சம்மதம். எங்கம்மாட்டக் கேக்கத்தான் பயமாருக்கு, நீயே கேளு" என்றார். மாமா நேற்று அந்த அறைக்குப் புதுப் பல்பு மாட்டிவிட்டார். நான் இன்னும் பெட்டியைக் கட்டவில்லை, அத்தை. கட்டாதே என்று சுருளி அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.