எரிகோவின் மதில் விழவில்லை

"தலைமையாசிரியர் வரமாட்டாராம். முதுகு பிடிச்சுக்கிச்சாம்" என்று தபால்காரர் சொன்னதும் மருந்துக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நிகழ்ச்சி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

பாடவேண்டியது முந்நூறு வருஷத்துக்கு முந்திய, பரோக் காலத்து ஐரோப்பிய ஆரட்டோரியோ. வேஷம் கிடையாது, நடிப்பு கிடையாது. ஊர்ப் பாடகர் குழுவின் நாற்பது பேரும் நின்ற இடத்தில் நின்றபடி, எரிகோ நகரத்து மதில் விழுந்த பைபிள் கதையைப் பாட்டாலேயே சொல்ல வேண்டும். ஆறு நாள் ஜனங்கள் வாயே திறக்காமல் மதிலைச் சுற்றுவார்கள். ஏழாம் நாள் எக்காளம் ஓய்ந்ததும் எல்லோரும் சேர்ந்து ஆர்ப்பரிக்க, மதில் சரியும். அந்த ஆர்ப்பரிப்பில் 'ஆ' என்ற ஓரெழுத்தை அறுபத்து மூன்று சுரங்களில் உருட்ட வேண்டும்.

மருந்துக்கடைக்காரருக்கு மூன்றாவது சுரத்திலேயே வண்டி நின்றுவிடும். நான்கு மாதமாக அவர், ஆறடி உயரத் தலைமையாசிரியரின் முதுகுக்குப் பின்னால் நின்று வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பாட்டில் கூரை அதிரும். யாருக்குத் தெரியப்போகிறது?

தெரிந்தால் மானம் மட்டும் போகாது. இசை நடத்துநர்தான் வருங்காலச் சம்பந்தி. "பாடத் தெரியாத வீட்ல சம்பந்தம் வெச்சுக்கறதா இல்லை" என்று முன்பே சொல்லிவிட்டவர். "எங்கப்பா பிரமாதமாப் பாடுவாரே" என்று மகளும் சொல்லி வைத்திருந்தாள்.

"தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"நம்புவாரா?"

"கடையில இருமல் மருந்து விக்கறவர்தானே. இருமிக் காட்டுங்க."

இருமிக் காட்டினார். நடத்துநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்கய்யா எல்லாரும். தொண்டை கட்டியும் வந்து நிக்கறார் மனுஷன். சம்பந்தி, நீங்க பின்னால நிக்கக் கூடாது. முன் வரிசை, நடுவுல. மைக்குக்கு நேரா."

மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

கடைசி வழியாகத் தபால்காரரைப் பிடித்தார். "அண்ணே, என் பக்கத்துல நின்னு கொஞ்சம் சத்தமாப் பாடுங்க. நான் அப்படியே ஒட்டிக்கறேன்."

தபால்காரர் முகம் வெளுத்தது. "எனக்கு அந்த ஓரந்தாங்க ராசி" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்கு நழுவினார்.

அரங்கு நிறைந்தது. முன் இருக்கையில் மகள், அவள் பக்கத்தில் மாப்பிள்ளை. ஆறு நாள் மௌனத்துக்கு வாத்தியங்கள் மட்டும்தான்; அது அருமையாகப் போயிற்று. ஏழாம் நாள் வந்தது. எக்காளம் ஓய்ந்தது. நடத்துநரின் இரண்டு கைகளும் உயர்ந்தன. மருந்துக்கடைக்காரர் உள்நாக்குத் தெரிய வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

அவரிடமிருந்து வராததில் அதிசயமில்லை. பக்கத்திலிருந்தும் வரவில்லை, பின்னாலிருந்தும் வரவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தெட்டு வாய்கள் தொட்டி மீன்கள் போலத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் தபால்காரர் வாய்தான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு கண்ணும் பக்கத்து வாயைப் பார்த்து, 'நீயுமா?' என்று அரண்டுபோயிருந்தது.

அரங்கில் யாரோ தும்மினார்கள். அன்றைய ஆர்ப்பரிப்பு அதுதான்.

நடத்துநரின் கைகள் தூக்கியபடியே நின்றன. முகத்தில் சொட்டு ரத்தமில்லை. ஒருவழியாகக் கைகளை இறக்கி, மருந்துக்கடைக்காரரை நோக்கி வந்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"சம்பந்தி, என்னை என்ன வேணா சொல்லுங்க, பொண்ணை ஒண்ணும் சொல்லிடாதீங்க. நான் ஒரு நாள்கூட..."

அதற்குள் பக்கக் கதவு வழியாக மைக்செட்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து நடத்துநரின் காதைக் கடித்தார். எதிரிலிருந்த மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது.

"மன்னிச்சுருங்க ஐயா. ஒத்திகைக்கெல்லாம் ரகசியமாப் போடச் சொல்வீங்களே, அந்தப் பாட்டு சி.டி.யை இன்னிக்கு வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்."