மச்சினனைத் துரத்த ஒரு நாய்

மச்சினன் வருவதை நிறுத்த ஒரே வழி நாய் வளர்ப்பதுதான் என்று கண்ணாடிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தார். அவசர முடிவல்ல. குளியலறை வாசலில் தோளில் துண்டோடு முக்கால் மணி நேரம் நின்று, நிதானமாக எடுத்த முடிவு. உள்ளே மச்சினன் குளித்துக்கொண்டிருந்தான்.

கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். வாரமெல்லாம் ஊரார் கண்ணைச் சோதிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவருடைய பொறுமையைச் சோதிக்க மனைவியின் ஒரே தம்பி வந்துவிடுவான். திங்கட்கிழமை காலையில்தான் போவான்.

நல்ல பையன்தான். வயது முப்பது, கல்யாணம் ஆகவில்லை. ஊரின் மறுகோடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதும் வேலை. வாரம் முழுக்கக் குனிந்த முதுகை அத்தானின் சாய்வு நாற்காலியில்தான் நிமிர்த்துவான். பேப்பரை அவனே முதலில் பிரிப்பான். குறுக்கெழுத்துக் கட்டங்களைப் பேனாவால் தப்பும் தவறுமாக நிரப்பிவிட்டு, "உங்களுக்காக ரெண்டு கட்டம் விட்டு வச்சிருக்கேன் அத்தான்" என்பான்.

மனைவியிடம் முறையிட்டுப் பயனில்லை.

"அவன் இருக்கறதே வாரத்துல ரெண்டு நாள்" என்பாள்.

"எனக்கு ஒன்பது நாள் மாதிரி இருக்கே."

"அப்போ உங்க கணக்கைத்தான் சரி பார்க்கணும்."

ஆனால் மச்சினனுக்கு ஒரு பலவீனம் இருந்தது. நாய் என்றால் அவனுக்குக் குலை நடுங்கும். ஐந்து வயதில் ஏதோ ஒரு குட்டி காலைக் கவ்வியதாம். அன்றிலிருந்து தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வருவான். தூங்குகிற நாயையும் நம்ப மாட்டான். "அது தூங்கல அத்தான், கண்ணை மூடிக்கிட்டு யோசிக்குது" என்பான்.

மறுநாள் காலை, பள்ளிக்கூட நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியிடம் கண்ணாடிக்காரர் மெல்ல ஆரம்பித்தார். அவள் அங்கே நூலகர்.

"வீட்டுக்கு ஒரு நாய் இருந்தா நல்லதுன்னு தோணுது."

"திடீர்னு என்ன?"

"பாதுகாப்புக்குத்தான். ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். காலம் கெட்டுக் கிடக்கு."

"இத்தனை வருஷம் பூட்டுதானே காவல் காத்துச்சு."

"பூட்டு குரைக்குமா?"

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "சரி, வாங்கிடலாம்" என்றாள்.

கண்ணாடிக்காரருக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஏழு காரணங்கள் யோசித்து வைத்திருந்தார். இரண்டாவதிலேயே காரியம் முடிந்துவிட்டது. மீதி ஐந்தை இனி யாரிடம் சொல்வது?

"ஒண்ணு மட்டும். நாய்னா எல்லாம் ஒரே நாய் இல்லீங்க. காவல் காக்கறது ஒண்ணு, மடியில கிடக்கறது ஒண்ணு, ஓடிக்கிட்டே இருக்கறது ஒண்ணு. குணம் தெரியாம கொண்டு வந்தா நமக்கும் கஷ்டம், அதுக்கும் கஷ்டம்" என்றாள் அவள்.

சாயங்காலம் நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் வந்து மேஜைமேல் உட்கார்ந்தது. இடப்பக்கம் ஒவ்வோர் இனத்தின் குணம், சாப்பாடு, பராமரிப்பு. வலப்பக்கம் படம்.

"கல்யாணத்துக்கு முன்னால எனக்கு யாரும் இப்படி ஒரு புத்தகம் குடுக்கலியே" என்றார் கண்ணாடிக்காரர்.

"குடுத்திருந்தாலும் நீங்க படத்தைத்தான் பார்த்திருப்பீங்க."

அவர் வலப்பக்கங்களை மட்டும் புரட்டினார். ஒன்று பஞ்சுப் பொதி போல இருந்தது. இன்னொன்று தூக்கக் கலக்கத்தில் கடைக்கு வரும் வாடிக்கையாளர் போல இருந்தது. எண்பத்து மூன்றாம் பக்கத்தில் அவர் கை நின்றது. ஓநாய் முகம். விறைத்த காது. பனிக்கட்டி போன்ற நீலக் கண், பார்க்கிறவனை ஊடுருவிப் பார்த்தது. பெயர் ஹஸ்கி.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இதுவா. இதைப் பார்த்தா எனக்கே வயித்தைக் கலக்குது. வேற பாருங்க."

"உனக்கே கலக்குதா?"

"ஆமா. எந்தத் துணிச்சல்காரனும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான்."

"அப்போ இதுதான்."

"இடது பக்கத்தையும் ஒரு தடவை படிச்சுடுங்களேன்."

"முகமே சொல்லுதே, படிக்க என்ன இருக்கு?"

ஊரை விட்டுப் போகும் ஒரு பல் டாக்டரம்மா அதே இன நாய்க்கு நல்ல வீடு தேடிக்கொண்டிருப்பதாக மனைவி மறுநாளே சொன்னாள். விலாசம்கூட அவள் கைப்பையிலேயே இருந்தது. எப்படி என்று கேட்க அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

பல் டாக்டரம்மா நாயைக் காட்டுவதற்கு முன் இவர்களை உட்காரவைத்து விசாரித்தார். வீட்டைச் சுற்றி மதில் உண்டா, எவ்வளவு உயரம், வெயிலில் கிடக்காமல் பார்த்துக்கொள்வீர்களா, தினமும் யார் ஓட அழைத்துப் போவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மனைவி பரீட்சைக்குப் படித்து வந்தவள் போலப் பதில் சொன்னாள். வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம், தாழ்ந்தபின் ஒரு மணி நேரம் என்றாள். முடியைச் சிரைக்கக் கூடாது, வாரத்தான் வேண்டும் என்றாள்.

கண்ணாடிக்காரருக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். "கடிக்குமா?"

"இதுவரைக்கும் இல்ல."

அந்த 'இதுவரைக்கும்' அவருக்குப் பிடித்திருந்தது. அதில் ஓர் எதிர்காலம் தெரிந்தது.

"நல்லாக் குரைக்குமா?"

"குரைக்கவே குரைக்காதுங்க."

குரைக்கிற நாய் கடிக்காது என்பது பழமொழி. அப்படியென்றால் குரைக்காத நாய்? அவர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். குணம், பராமரிப்பு என்று தலைப்பிட்டு டாக்டரம்மா நீட்டிய இரண்டு தாள்களையும் படிக்காமல் மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சங்கிலியைக் கையில் வாங்கினார். வெள்ளை முகமும் நீலக் கண்ணும் நடையில் ஒரு மிதப்பும் கொண்ட அந்த நாய்க்கு வழியிலேயே துரை என்று பெயர் வைத்தார்.

சனிக்கிழமை வந்தது. கண்ணாடிக்காரர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். இனி மச்சினன் இந்த வீட்டில் வாலாட்ட முடியாது. கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து போய்க் கதவை விரியத் திறந்தார்.

"வாப்பா, உள்ள வா."

துரை அம்பு போலப் பாய்ந்து போனது. பிறகு நீளமாக ஓர் ஊளை எழுந்தது. மச்சினன்தான் அலறுகிறான் என்று கண்ணாடிக்காரர் நினைத்துவிட்டார். துரத்தத்தான் நினைத்தாரே தவிர, உயிருக்கு ஆபத்து வர அவர் நினைத்ததில்லை. செருப்புப் போடாமல் வெளியே ஓடினார்.

அலறியது துரை. மச்சினன் கேட்டோடு கேட்டாக ஒட்டி நின்றான். நாய் பின்னங்காலில் நிமிர்ந்து, அவன் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு, பல வருஷம் பிரிந்த சிநேகிதனைப் பார்த்தது போல அவன் காதை நக்கியது. வால் சுழன்ற சுழற்சியில் பூந்தொட்டி ஒன்று உருண்டது. மச்சினனின் கண் மூடியிருந்தது. முகம் வெளுத்து, உதடு மட்டும் ஆடியது.

மனைவி வந்தாள். நாலடி தள்ளி நின்றுகொண்டு, நூலகத்தில் பேசும் குரலில் பேசினாள்.

"கண்ணைத் திறக்காட்டிப் பரவாயில்ல. மூச்சு விடு. ஓடாதே, ஓடினா விளையாட்டுன்னு நினைச்சுக்கும். கையை மெதுவா கீழ விடு, மோந்து பார்க்கட்டும். உன்னைக் கடிக்க வரல அது. விசாரிக்க வந்திருக்கு."

"யாரு சொன்னா அக்கா?"

"எண்பத்து ரெண்டாம் பக்கம். இடது பக்கம்."

கண்ணாடிக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரை கீழே இறங்கி, கையை மோந்து, அவன் காலில் முழு உடம்பையும் சாய்த்து உட்கார்ந்தது. வெகுநேரம் கழித்து மச்சினன் ஒரு விரலை மட்டும் நீட்டி அதன் நெற்றியைத் தொட்டான். பிறகு இரண்டு விரல். பிறகு கை முழுவதும். இருபத்தைந்து வருஷப் பயம் அந்த வாசலில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதைப் பார்த்தபடியே கண்ணாடிக்காரர் உருண்ட பூந்தொட்டியை நிமிர்த்தி வைத்தார். துரை தலையைத் தூக்கி ஊ ஊ என்று இழுத்தது.

"அக்கா, இது எங்கிட்ட ஏதோ சொல்லுது."

"பேசும், பாடும். குரைக்கத்தான் செய்யாது."

"குரலும் நல்லாக் கரகரன்னு ஹஸ்கியாத்தான் இருக்கு" என்றான் மச்சினன். அன்றைக்குச் சாய்வு நாற்காலியில் அவன் உட்கார்ந்தான், அவன்மேல் துரை உட்கார்ந்தது.

அக்காவும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்ததும் கண்ணாடிக்காரர் புத்தகத்தின் இடப்பக்கத்தை முதல் முறையாகப் படித்தார். இந்த இனம் அந்நியரிடம் அளவுகடந்த அன்பு காட்டும். காவலுக்கு உதவாது. வண்டி இழுக்கப் பிறந்தது, ஆகவே தினமும் ஓட வேண்டும். ஓடவிடாவிட்டால் வீட்டைத் தோண்டும். தனிமை தாங்காது. முடி ஏராளமாக உதிரும்.

அடுத்த மூன்று வாரம் அந்தப் பக்கத்தை அவர் வரி வரியாக அனுபவித்தார். கருக்கலில் எழுந்து துரையோடு புறப்பட்டார். அவர் நாயை நடத்திப் போனார் என்று சொல்ல முடியாது. வண்டி இழுக்கப் பிறந்த இனம் வண்டி கிடைக்காமல் அவரை இழுத்தது. எதிரே வந்த பால்காரன், "யாரு சார் யாரைக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டான். கடையில் வாடிக்கையாளர் ஒருவர் புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் தெளிவாத் தெரியுது, நடுவுல மட்டும் ஒரு வெள்ளை முடி" என்றார். ஒருநாள் சோம்பலில் நடையைத் தவறவிட்டார். அன்று துரை தோட்டத்தில் தோண்டிய பள்ளத்தில் ஓர் ஆள் உட்காரலாம்.

இவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து மச்சினன் மனமிரங்கினான். செவ்வாய், வியாழனிலும் வந்தான். பிறகு தினமும் சாயங்காலம் வந்து துரையோடு ஓடினான். ஒருநாள் ஓடிவிட்டு வந்தவன், "அக்கா, மேலதிகாரி அந்த நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கிட்டார்" என்றான்.

"எந்த நோட்டீஸ்?" என்றார் கண்ணாடிக்காரர்.

மனைவிதான் சொன்னாள். நாய் இருக்கும் வீடுகளுக்குள் போகாமல், வெளியிலிருந்தே குத்துமதிப்பாக எழுதிக்கொண்டிருந்தான் இவன். கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் சரி செய்யாவிட்டால் வேலை போகும் என்று நோட்டீஸ் வந்திருந்தது.

"அதுக்கு ஒரு சாதுவான நாய் வேணும்னு தேடிக்கிட்டிருந்தேன். பார்க்கப் பயங்கரமா இருக்கணும், பழகினா பூனையா இருக்கணும். இதைத் தொட்டவன் எதையும் தொட்டுடுவான்ல" என்றாள்.

"அப்போ வயித்தைக் கலக்குதுன்னு சொன்னது?"

"கலக்கத்தான் செஞ்சுது. நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு."

மச்சினனின் வேலை தப்பியதில் கண்ணாடிக்காரருக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாரம் இரண்டு நாள் வந்தவன் இப்போது ஏழு நாளும் வருகிறானே. யோசித்தார். நாய் அவன் அறைக்குப் போனால், அதைத் தனியே விட்டுவிட்டு மச்சினனும் வர மாட்டான். இருவரையும் ஒரே வீச்சில் அனுப்பிவிட வேண்டும்.

"இவ்வளவு ஒட்டிக்கிட்ட பிறகு இவனையும் துரையையும் பிரிச்சு வைக்கறது பாவம். துரை இவன்கூடவே இருக்கட்டும். எனக்குக் கஷ்டம்தான். பொறுத்துக்கறேன்" என்றார் பெருந்தன்மையோடு.

"நிஜமாவா? அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான்."

மச்சினனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அத்தான், உங்களுக்கு இவ்வளவு பெரிய மனசா?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணாடிக்காரர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. டிரைவர் இரண்டு பெட்டி, ஒரு மடக்குக் கட்டில், ஒரு மேஜை விசிறி எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டுப் போனார்.

"இதெல்லாம் என்ன?" என்றார் கண்ணாடிக்காரர்.

"தம்பி சாமான். நீங்கதானே கூடவே இருக்கட்டும்னு சொன்னீங்க. அவன் அறையில நாய்க்கு அனுமதி கிடையாது. துரையும் நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கிடக்காது. அப்போ அவன்தானே இங்க வரணும்?" என்றாள் மனைவி.

சொன்னா சொன்னதுதான் என்ற தன் வார்த்தை அவருக்கு நினைவுக்கு வந்தது.

"மழை வர்ற மாதிரி இருக்குங்க. சாமானை உள்ள எடுத்து வச்சிடலாம்."

"அவன் எங்க? வந்து தூக்கட்டும்."

"துரையை ஓடக் கூட்டிட்டுப் போயிருக்கானே. வர ஒரு மணி நேரம் ஆகும்."

கண்ணாடிக்காரர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கனமான பெட்டியை முதலில் தூக்கினார்.